கெட்ட வார்த்தை பேசாத மனிதர்

அவரைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போய்ச் சேர்ந்துவிட்டவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் இருந்தபோதே சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அவர் என் அக்காவின் புருஷன். மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் செங்கல்பட்டில் இன்னும் நாலு பேர், "ஆஹா, அவரா, எப்பேர்ப்பட்ட இங்கிலீஷ்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் வருஷத் திதிக்கு அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்கள். மாலை போட்ட படத்துக்கு எதிரே இலையில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து நாங்கள் கேட்டதே இல்லை என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். அக்கா சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குச் செங்கல்பட்டில் ஓர் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். எந்தச் சட்டையைப் போட்டாலும் அந்தப் பை மட்டும் வெளுத்துக் கிடக்கும். மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிய தடித்த டிக்‌ஷனரி ஒன்று வைத்திருந்தார். தினமும் காலையில் அதிலிருந்து ஒரு சொல் எடுப்பார். நாலு பேருக்குத் தெரிந்த சொல் அவருக்கு ஆகாது. குட், பேட், ஹேப்பி எல்லாம் ரிக்‌ஷாக்காரன் பேசுகிற இங்கிலீஷ் என்பார். யாரும் தொடாத சொல்லாகத் தேடி எடுத்து, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருப்பார். பெர்ஸ்பிகேஷியஸ். பெர்ஸ்பிகேஷியஸ். எதிர்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் பிள்ளைகளை உலுக்குவார்கள், உத்தியோகத்துக்குப் போன பிறகும் மனுஷன் எப்படிப் படிக்கிறார் பார் என்று.

நாங்கள் சதுரங்கப்பட்டினத்துக் கரைக்காரர்கள். அப்பா கடலோடு போய்விட்டார். அம்மா கூடை தூக்கி மீன் விற்றுத்தான் எங்கள் இரண்டு பேரையும் எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தாள். அம்மாவின் வாய் ஊரெல்லாம் பேர்போனது. கரையில் எவனாவது அவள் கூறுகட்டி வைத்த மீனில் கைவைத்தால் அவனுடைய பாட்டன் முப்பாட்டனையெல்லாம் எழுப்பி உட்காரவைத்துத் திட்டுவாள். எங்கள் பக்கத்தில் அது பெரிய குற்றமில்லை. காலையில் திட்டுவார்கள், மத்தியானம் அதே ஆளோடு உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள்.

அவரும் கரைக்காரர்தான். மகாபலிபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் கட்டுமரம் ஏறியவர்தான். ஆனால் செங்கல்பட்டில் யாருக்கும் அது தெரியாது. அம்மா மீன் எடுத்துக்கொண்டு வந்தால் பின்பக்கமாக வரச் சொல்லுவார், வாசலில் வாடை அடிக்கிறதாம். அம்மாவுக்கு அதுகூட உறைக்காது. மாப்பிள்ளை என்றால் அவளுக்கு அவ்வளவு பெருமை. "கவுருமெண்டு உத்யோகம். குடி கெடயாது. வாயத் தொறந்தா ஒரு வசவு வருதா பாரு. நம்ம கரையில எவன்டி கீறான் இப்டி?" என்று என்னிடம் கேட்பாள். கேட்டுவிட்டுப் பின்பக்கமாகவே போவாள்.

இனி அந்த வீட்டில் நடந்த வழக்கத்தைச் சொல்லுகிறேன். கல்யாணமான முதல் மாதமே ஆரம்பித்தது. சமையலறைக் கதவுக்குக் கரும்பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவர் அந்தக் கதவில் அன்றைய சொல்லைச் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார். அக்கா பகலெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழக வேண்டும். சாயங்காலம் அவர் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் 'ஐ ஆம்' என்றுதான் தொடங்க வேண்டும். தன்னை வைத்துச் சொன்னால்தான் மனதில் நிற்குமாம். சொல்லுகிற வரைக்கும் தட்டில் கை வைக்கமாட்டார். சோறு ஆறிப்போகும், குழம்பில் ஆடை கட்டும், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அர்த்தம் கேட்டால் சொல்லமாட்டார். பழகப் பழகத் தானாக வரும் என்பார். டிக்‌ஷனரியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். மற்ற வீடுகளில் நகையை அப்படிப் பூட்டுவார்கள். அந்த வீட்டில் அர்த்தத்தைப் பூட்டினார்கள்.

அக்கா அதைப் பெருமையாகத்தான் நினைத்தாள். பெண்டாட்டிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற புருஷன் அந்தத் தெருவிலேயே வேறு யார்? தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் அன்றைய வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பழகுவாள். மற்றப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஒருமுறை நானும் கூட இருந்தேன். 'ஐ ஆம் இன்சிபிட்' என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தத் தெருவில் குடியிருந்த ஹைஸ்கூல் வாத்தியார் சைக்கிளை நிறுத்தி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார். அந்த ஆளையும் நான் மன்னிக்கவில்லை. அர்த்தம் தெரிந்திருந்தது, சொல்லவில்லை.

அவருடைய இங்கிலீஷ் பள்ளத்தை நோக்கித்தான் பாயும். பெண்டாட்டி, மச்சினி, பால்காரர், சலவைக்காரர், இவர்களிடம்தான் அந்த நீள நீளமான சொற்களெல்லாம் வரும். ஒருநாள் அவருடைய மேலதிகாரி ஜீப்பில் போகும்போது வாசலில் நிறுத்தி ஏதோ கேட்டார். நல்ல இங்கிலீஷ் பேசுகிற மனிதர். நம்மாள் என்ன பேசினார் தெரியுமா? எஸ் சார். எஸ் சார். ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும் எஸ் சார். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து ஒரு பெரிய சொல்லை எடுத்து வீசினார்.

இங்கிலீஷ் தெரிந்தவர்களிடம் ஒரே ஒரு முறை துணிந்து பார்த்தார். காணும் பொங்கலன்று எல்லாரும் மகாபலிபுரம் போயிருந்தோம். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் கரும்புச் சக்கையும் ஜனமும். ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நாங்கள் பார்க்க வேண்டும் என்று குரலை உயர்த்திப் பேசினார். அந்த இரண்டு பேரும் முழித்தார்கள். மறுபடியும் பஸ் என்றார்கள். அக்கா பாவம், கையை நீட்டி, "பஸ், தேர். கோ ஸ்ட்ரெய்ட்" என்றாள். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அதற்குப் பிறகு அன்றைக்கு எங்களோடு பேசவே இல்லை. மறுநாள் கதவில் 'அஃபிஷியஸ்' என்று எழுதியிருந்தது. அக்கா 'ஐ ஆம் அஃபிஷியஸ்' என்று சொன்ன பிறகுதான் சாப்பிட்டார். கேட்காத விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று அர்த்தம். பிறகு நானே ஒரு டிக்‌ஷனரி வாங்கித் தேடித் தெரிந்துகொண்டேன்.

அவருக்காகப் பேசவும் ஆள் இருந்தது. அக்காவேதான். ஹாஸ்டலில் படித்தபோது பையன்கள் அவர் பாயை முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம், கவிச்சி என்றே பட்டப்பெயராம். யாருக்கும் புரியாத இங்கிலீஷ் சொல் ஒன்றை எங்கிருந்தோ கற்றுக்கொண்டு திருப்பிச் சொன்னாராம். அன்றோடு அவர்கள் அடங்கிவிட்டார்களாம். "அதான்டி அவுருக்கு அது மேல அவ்ளோ பிரியம்" என்றாள். இருக்கட்டும். அந்தப் பையன்கள் செய்தது அயோக்கியத்தனம்தான். அதற்கு என் அக்கா என்ன செய்தாள்? அவள் அவர் பாயைத் துவைத்துக் காயப்போட்டாள், வேறென்ன செய்தாள்?

கல்பாக்கத்தில் அப்போது புதிதாகக் குடியிருப்பு கட்டி, எங்கெங்கிருந்தோ படித்த குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. அம்மா அங்கே வீடு வீடாக மீன் கொடுப்பாள். வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண் வேண்டும் என்று கேட்டார். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் பெரிய பெண் இருக்கிறாள், அவளுக்கு இங்கிலீஷெல்லாம் தண்ணீர்பட்ட பாடு என்று சொல்லிவிட்டாள்.

அக்காவுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் குழந்தை இல்லை. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே பகலை ஓட்டிக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டிலிருந்து காலை பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அம்மாவே வந்து கேட்டதால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். இன்டர்வ்யூவில் முதலில் உன்னைப் பற்றிச் சொல் என்றுதான் கேட்பார்கள், நானே தயார்செய்கிறேன் என்றார். ஒரு வாரம் தினமும் உட்காரவைத்து ஒரே வாக்கியத்தைச் சொல்லவைத்தார். யாரும் அசந்துபோகிற வாக்கியம் என்றார்.

ஒரு சனிக்கிழமை. நான்தான் கூடப் போனேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பொடிப்பயல் தன் அம்மாவைத் தேடி அழுதுகொண்டு ஓடிவந்தான். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. அக்கா அவனைப் பிடித்து, "கம், சிட். நோ க்ரை" என்று தன் பக்கத்தில் உட்காரவைத்து வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதை உருட்ட ஆரம்பித்துவிட்டான். அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. மேஜைக்குப் பின்னால் திருநெல்வேலி அம்மாளும் இன்னொரு அம்மாளும் இருந்தார்கள். உங்களைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். அக்கா நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப்போகிறவளைப் போலச் சொன்னாள்.

"ஐ ஆம் அன் ஆப்டியூஸ் அண்ட் இண்டொலன்ட் உமன்."

இன்னொரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். திருநெல்வேலி அம்மாள் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"யாரும்மா ஒனக்கு இதச் சொல்லித் தந்தது?"

"எங்க வூட்டுக்காரர்ங்க."

"அர்த்தம் தெரியுமா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினாள். அவர் மெதுவாகச் சொன்னார், ஒன்றுக்கு மந்தபுத்தி என்று அர்த்தம், இன்னொன்றுக்குச் சோம்பேறி என்று அர்த்தம். சொல்லி அனுப்புகிறோம், போய் வாருங்கள் என்றார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கல்லைத் தூக்கிப் போட்டு அந்த டிரங்குப் பெட்டியை நொறுக்க வேண்டும் போல இருந்தது. அக்கா முன்னால் நடந்தாள். அம்மா வீட்டுக்குப் போகிற வழியில், டச்சுக்காரன் கோட்டைச் சுவர் ஓரமாக நின்றுவிட்டாள்.

"அப்ப அந்தக் கதவுல எழுதின எல்லாத்துக்கும் அர்த்தம் கீதுல்ல?" என்றாள்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளைக்கென்று நல்ல வஞ்சிரமாக எடுத்துக்கொண்டு அம்மாவும் எங்களோடு செங்கல்பட்டுக்கு வந்தாள். அவர் வீட்டில் இருந்தார். இன்டர்வ்யூ எப்படி என்று ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டே கேட்டார். அக்கா சொல்லி அனுப்புவார்களாம் என்றாள். சமையலறைக் கதவில் அன்றைய சொல் தயாராக இருந்தது. 'ஸ்லாட்டர்ன்.' அக்கா அதைப் பார்த்தாள். மீனைக் கழுவினாள், அரைத்தாள், குழம்பு வைத்தாள். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "எங்கே, வாக்கியம்?" என்றார்.

அக்கா சோற்றுக் கரண்டியோடு அவர் எதிரே நின்றாள்.

"நீங்க அர்த்தம் சொல்லுங்க. நான் சோறு போடறேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரோரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஒரு பெரிய சொல்லுக்கு அதைவிடப் பெரிய சொல்லாக அர்த்தம் சொன்னார். அக்கா கரண்டியை அசைக்கவில்லை. வஞ்சிரக் குழம்பின் வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எனுக்கும் புரியற மாரி சொல்லு மாப்ள, நானும் கத்துக்கறேன்" என்று ஆசையாகக் கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், சுத்தபத்தம் இல்லாத பொம்பளை.

அக்கா ஒரு கரண்டி சோறு போட்டாள். இன்சிபிட் என்றாள். சப்பென்று இருப்பது என்றார். இன்னொரு கரண்டி போட்டாள். நேற்று இன்டர்வ்யூவில் சொல்லவைத்தீர்களே, ஆப்டியூஸ், இண்டொலன்ட், அதற்கு என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு சொல் தெரிந்த மனிதருக்குத் தமிழில் இரண்டு சொல் வரவில்லை. பெற்றவள் எதிரே உட்கார்ந்திருந்தாள், அதனால் வரவில்லை. அக்காவே சொன்னாள். முதலிலிருந்து சொன்னாள், அந்த 'ஐ ஆம்' எல்லாவற்றையும் சேர்த்து.

அம்மா மெதுவாக எழுந்து நின்றாள். அவள் வாயிலிருந்து வரப்போவதை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. ஆனால் அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க கரையில திட்றவ மூஞ்சிக்கு நேரா, புரியற மாரி திட்டுவா மாப்ள. வாங்கறவளும் பதிலுக்கு ரெண்டு குடுப்பா. வாங்கறவ வாயாலயே அவளத் திட்ட வெக்கறது, இது இன்னா பழக்கம்?"

அவர் எழுந்து கையைக் கழுவினார். அப்போதும் மனிதருக்கு வெட்கம் வரவில்லை. எல்லாம் டிக்‌ஷனரியில் இருக்கிற சொற்கள்தானே, நான் ஒரு கெட்ட வார்த்தையாவது பேசினேனா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சும்மா தமாஷுக்கு என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குச் சாப்பிடப் போய்விட்டார். அம்மா தன் கூடையை எடுத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, முன்வாசல் வழியாக வெளியே போனாள்.

இதைக் கேட்ட சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். அடித்தானா என்று கேட்டார்கள். இல்லை. குடித்துவிட்டு வந்தானா? இல்லை. அப்புறம் என்ன, படித்தவர் ஏதோ இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார், இதைப் போய் ஒரு விஷயமென்று பேசுகிறாயே என்றார்கள். இங்கிலீஷில் திட்டினால் அது திட்டில்லை என்று நம்புகிற ஜனங்களை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் முறையிடுவது?

அடுத்த வாரம் திருநெல்வேலி அம்மாள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார், அந்தப் பெண்ணை வரச் சொல், அழுத பிள்ளையிடம் அவள் பேசியதைக் கேட்டேன், அந்த இங்கிலீஷ் போதும் என்று. அக்கா போனாள். அவர் தடுக்கவில்லை. தடுத்தால் காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். சொல் எழுதுவதையும் அவர் விடவில்லை. தினமும் கதவில் ஒன்று இருக்கும். அக்கா தரை துடைக்கிற துணியாலேயே அதைத் துடைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவாள். சாயங்காலம் வாக்கியம் எதுவும் கிடையாது, சோறு மட்டும்தான். சாக்பீஸ் தூள் அவர் பையில் பல வருஷம் இருந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவே இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்த சொல், அதனால் அவருக்கு ஆகாது போலிருக்கிறது.

அக்கா அவரை விட்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். கடைசியில் அவர் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியதும் அவள்தான். அந்தக் கோபம் எனக்கு அவள் மேலும் உண்டு.

திதியன்று பந்தியில் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம் கேட்டார், அண்ணன் உங்களுக்குத் தினம் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுப்பாராமே, ஒன்றிரண்டு ஞாபகமிருந்தால் சொல்லுங்கள் அண்ணி, இந்தப் பிள்ளைகளும் கேட்கட்டும் என்று. பந்தியே தலைநிமிர்ந்து பார்த்தது. அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"எல்லாமே ஞாபகம் கீதுங்க. அர்த்தத்தோட கீது. சொன்னா இந்தப் பந்தியில ஒருத்தரும் சாப்பிட மாட்டீங்க. சாப்பிடுங்க."

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.